கடற்கரை ஊரில் கார் சார்ஜர்: கடலூர், பாண்டி வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

மின்சாரக் காருக்கு முன்பணம் கட்டியதுமே ஷோரூமில் அடுத்த கேள்வி வந்துவிடும்: “வீட்டுக்கு 7.2 கிலோவாட் சார்ஜர் போட்டுடலாமா சார், இல்ல 15 ஆம்ப் பிளக்கே போதுமா?” பெரியதாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று பலர் தலையாட்டிவிடுகிறார்கள். சுவரில் மாட்டும் பெட்டியைக் கடைசியில் முடிவு செய்யுங்கள் என்பதுதான் என் கட்சி. மஞ்சக்குப்பமோ முத்தியால்பேட்டையோ, நம் பக்கத்து வீடுகளில் சார்ஜரைப் படுத்துவது பெரும்பாலும் அந்தப் பெட்டியில் உள்ள குறை அல்ல. எர்த், வயர், உப்புக்காற்று, மழைத்தண்ணீர் ஆகிய நான்கும்தான். இவற்றைச் சரிசெய்த வீட்டில் சாதாரண சார்ஜரே நன்றாக ஓடும். சரிசெய்யாத வீட்டில் ஐம்பதாயிரம் ரூபாய் பெட்டியும் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

அதனால் தரையிலிருந்து மேலே போவோம்.

படி 1: தினமும் எத்தனை யூனிட் வேண்டும்?

கடலூரிலிருந்து பாண்டிக்கு வேலைக்குப் போய் வருபவர், ஊருக்குள் சுற்றுவதையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டர் ஓட்டுவார். நடுத்தர அளவு மின்சாரக் கார் ஒரு யூனிட்டுக்கு 6 முதல் 7 கிலோமீட்டர் போகும். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து 8 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காரோடு வரும் 15 ஆம்ப் சார்ஜர் மணிக்கு இரண்டரை முதல் மூன்று யூனிட் வரை ஏற்றும். அந்த 8 யூனிட்டுக்கு மூன்று மணி நேரம் போதும். ராத்திரி பத்து மணிக்குச் செருகி காலை எட்டுக்கு எடுத்தால் 25 யூனிட்டுக்கு மேல் ஏறியிருக்கும், அதாவது 150 கிலோமீட்டருக்கு மேல். மாவட்டத்துக்குள் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இதற்கு மேல் தேவையில்லை.

7.2 கிலோவாட் யாருக்கு வேண்டும்? வாரத்தில் இரண்டு மூன்று தடவை சென்னை போய் அன்றே திரும்பி மறுநாளும் கிளம்புகிறவர்கள், வாடகைக்கு ஓட்டுகிறவர்கள், வீட்டில் இரண்டு மின்சார வண்டி வைத்திருப்பவர்கள், பெரிய பேட்டரி உள்ள வண்டி வாங்கியவர்கள். மகிந்திரா பி.இ. 6-இன் 79 யூனிட் பேட்டரியை 15 ஆம்ப் பிளக்கில் முழுக்க நிரப்ப ஒரு நாளுக்கு மேல் ஆகிவிடும். அப்படிப்பட்ட வண்டிக்குச் சுவர் சார்ஜர் போடுவதில் அர்த்தம் இருக்கிறது.

படி 2: உங்கள் கார் எவ்வளவு வாங்கும்?

வீட்டில் மாட்டுவதைச் சார்ஜர் என்கிறோமே தவிர, அது மாறுதிசை மின்சாரத்தை (ஏ.சி.) பாதுகாப்பாகக் காருக்குக் கொடுக்கும் சுவிட்ச்தான். அதை நேர்மின்சாரமாக்கி (டி.சி.) பேட்டரிக்கு ஏற்றும் உண்மையான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. வேகம் அதன் திறனைத் தாண்டவே தாண்டாது.

டாடா டியாகோ மின்சாரக் கார் 3.3 கிலோவாட் உள்சார்ஜரோடு விற்பனைக்கு வந்த வண்டி. 7.2 என்பது அதில் கூடுதல் பணம் கட்டி வாங்குகிற வசதி. எம்.ஜி. காமெட்டின் ஆரம்ப மாடல்களும் 3.3தான். அந்த வண்டிக்கு 7.2 பெட்டியை மாட்டினாலும் 3.3தான் ஏறும், மீதிப் பணம் சுவரில் தொங்கும். டாடா நெக்ஸான் 7.2 வரை வாங்கும். ஹூண்டாய் கிரெட்டா 11 கிலோவாட் வரை வாங்கும், ஆனால் அதற்கு வீட்டில் த்ரீ ஃபேஸ் வேண்டும். 22 கிலோவாட் பெட்டியை வீட்டுக்கு என்று யாராவது விற்க வந்தால் மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கார் வாங்கும் முன் புரோஷரில் ‘ஏ.சி. சார்ஜிங்’ என்ற வரியைப் பாருங்கள். 50, 60 கிலோவாட் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது நெடுஞ்சாலை டி.சி. சார்ஜர் கணக்கு. அதற்கும் உங்கள் வீட்டுக்கும் சம்பந்தமில்லை.

படி 3: மீட்டரும் பில்லும்

வீட்டுக் காரை வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் செய்துகொள்ளலாம். மத்திய மின்துறை அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இது தெளிவாக இருக்கிறது. ஆனால் உங்கள் இணைப்புக்கு எத்தனை கிலோவாட் அனுமதி என்று பில்லில் பாருங்கள். தமிழ்நாட்டில் சிங்கிள் ஃபேஸ் இணைப்பு பொதுவாக 4 கிலோவாட் வரைதான். ஏற்கெனவே ஒரு ஏ.சி., மோட்டார், கெய்சர் ஓடும் வீட்டில் 7.2 சார்ஜரைச் சேர்க்க வேண்டுமானால் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பித்து த்ரீ ஃபேஸுக்கு மாறியாக வேண்டும். கடலூர்க்காரர்கள் மின்பகிர்மானக் கழகத்தின் பிரிவு அலுவலகத்தையும், பாண்டிக்காரர்கள் மின்துறையின் பகுதி அலுவலகத்தையும் கார் வருவதற்கு முன்பே போய்ப் பார்த்துவிடுவது நல்லது. டெபாசிட், மீட்டர் மாற்றம் என்று நாள் இழுக்கும்.

த்ரீ ஃபேஸ் இருக்கும் வீட்டில் இன்னொரு விஷயம். 7.2 சார்ஜர் ஒரே ஃபேஸில் 32 ஆம்ப் வரை இழுக்கும். அந்த ஃபேஸிலேயே படுக்கையறை ஏ.சி.யும் இருந்தால், ராத்திரி கார் ஏறத் தொடங்கியதும் விளக்கு மங்கும். சார்ஜருக்கு ஒரு ஃபேஸ், ஏ.சி.க்கும் மோட்டாருக்கும் மற்ற இரண்டு என்று பிரிக்கச் சொல்லுங்கள்.

பில் விஷயத்தில் கடலூர்க்காரர்கள் கொஞ்சம் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் சலுகை விலையும் போய்விடும். 2024 ஜூலை கட்டணப்படி, 480 யூனிட் ஓடும் வீட்டுக்கு சுமார் 1,680 ரூபாய் வரும். கார் 300 யூனிட் சேர்த்து 780 ஆனால் அதே வீட்டுக்கு சுமார் 4,680 ரூபாய். கூடுதல் மூவாயிரத்தை 300-ஆல் வகுத்தால், காருக்குப் போகும் ஒரு யூனிட் 10 ரூபாய். “யூனிட் அஞ்சு ரூபாதான் சார்” என்று ஷோரூமில் சொல்வதை இந்த இடத்தில் நம்பாதீர்கள். அப்படியும் ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாயைச் சுற்றித்தான் வரும், பெட்ரோல் செலவு பக்கத்தில்கூட வராது. பாண்டியில் பில் மாதாமாதம். அங்கே 100, 200, 300 என்று படிகள். பெட்ரோலும் அங்கே மலிவு என்பதால் மிச்சமாகும் தொகை கடலூர்க்காரருக்குக் கிடைப்பதைவிடக் கொஞ்சம் குறையலாம்.

மொட்டை மாடி காலியாக இருந்தால் இந்தக் கணக்கையே சூரிய மின்பலகை மாற்றிவிடும். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். அது நாளொன்றுக்குச் சராசரியாக 12 யூனிட் அளவுக்குக் கொடுக்கும். கம்பங்களைச் சுழற்றும் புயல் வரும் ஊர் என்பதால் சட்டத்தை எப்படி மாட்டுகிறார்கள் என்பதில் மட்டும் கறாராக இருங்கள்.

படி 4: எர்த். இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

மிக்ஸிக்கும் டி.வி.க்கும் எர்த் சரியில்லை என்றால் தெரியவே தெரியாது. கார் சார்ஜர் அப்படி விடாது. செருகியதும் முதலில் எர்த்தைத்தான் சோதிக்கும், சரியில்லை என்றால் சிவப்பு விளக்கைப் போட்டு நின்றுவிடும். புதுக் கார் வந்த அன்றே “சார்ஜர் கெட்டுப்போச்சு” என்று போன் செய்கிற வீடுகளில் பாதிக்கு மேல் இந்தக் கதையாகத்தான் இருக்கும்.

நம் பக்கத்து மண்ணில் இரண்டு விதமான தொல்லை. தேவனாம்பட்டினம், தாழங்குடா, வீராம்பட்டினம் போன்ற கடலோர மணலில் மேல்மண் சித்திரை வெயிலுக்குச் சருகாகிவிடும். மணல் காய்ந்தால் மின்சாரம் இறங்காது. கொஞ்சம் ஆழத்தில் ஈரம் இருக்கும், ஆனால் அது உப்பு ஈரம், ஜி.ஐ. குழாயை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை, தின்றுவிடும். கேப்பர் மலைப் பக்கமும் லாஸ்பேட்டை மேட்டிலும் செம்மண். அங்கே துருத்தொல்லை குறைவு, கோடையில் எதிர்ப்பு ஏறும் தொல்லை அதிகம்.

பழைய முறை தெரிந்ததே: குழி வெட்டி, ஜி.ஐ. குழாய் இறக்கி, கரியும் கல்லுப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றுவது. உள்நாட்டில் இது பல வருஷம் தாங்கும். ஏற்கெனவே உப்பேறிய மண்ணில் மேலும் உப்பைக் கொட்டுவது குழாயின் ஆயுளைக் குறைக்கும் வேலை. கடலோரத்தில் மூன்று மீட்டர் நீளச் செம்புப் பூச்சுக் கம்பியை இறக்கி, சுற்றிலும் பென்டோனைட் களிமண் கலவை போடுவதுதான் சரி. ஒன்று போதவில்லை என்றால் குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி இன்னொன்றை இறக்கி இரண்டையும் இணைக்கலாம். பக்கத்துப் பக்கத்தில் இறக்கினால் இரண்டாவதால் பெரிய பலன் இல்லை.

எலக்ட்ரீஷியன் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே குண்டு பல்பை மாட்டிக் காட்டுவார். பல்பு பளிச்சென்று எரிந்ததும் “எர்த் சூப்பர் சார்” என்பார். அது ஒப்புக்குச் செய்யும் சோதனை. ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள வீட்டில் பல்பு எரிவதற்குள் அதுவே ட்ரிப் ஆகிவிடும். எர்த் டெஸ்டர் கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள், 5 ஓமுக்குக் கீழே வர வேண்டும். பிறகு மல்டிமீட்டரில், ஏ.சி.யும் மோட்டாரும் ஓடும்போது, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று பாருங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. பத்து, இருபது என்று காட்டினால் எர்த்தோ நியூட்ரலோ எங்கேயோ தளர்ந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மேலே போகாதீர்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சிவப்பு விளக்கை அணைக்க ஒரு குறுக்குவழி ஊரில் புழங்குகிறது. பிளக் பாயின்டைக் கழற்றி, நியூட்ரலிலிருந்து எர்த் முனைக்கு ஒரு துண்டு வயரைப் போட்டுவிடுவது. உடனே பச்சை விளக்கு எரியும், ஐந்நூறு ரூபாயில் வேலை முடிந்துவிடும். சார்ஜர் ஏமாந்துவிட்டது, அவ்வளவுதான். கம்பத்திலோ மீட்டர் பலகையிலோ நியூட்ரல் அறுந்தால், அந்தத் துண்டு வயர் வழியாகக் காரின் உடம்பு முழுவதும் 230 வோல்ட் ஏறும். ஈரத் தரையில் வெறுங்காலோடு கதவைத் திறக்கிறவரின் கதி என்ன? காற்றடித்தால் நியூட்ரல் அறுவது நம் ஊரில் அபூர்வமே இல்லை. எந்த எலக்ட்ரீஷியனாவது “லூப் போட்டுடலாம்” என்றால் கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். போர்வெல் குழாயிலோ தண்ணீர்க் குழாயிலோ எர்த்தைக் கட்டுவதும் வேண்டாம். பாதிக் குழாய் பிளாஸ்டிக்காக இருக்கும்.

படி 5: வயர், பிரேக்கர், பிளக்

மீட்டர் பலகையிலிருந்து சார்ஜருக்குத் தனி லைன் வர வேண்டும். வழியில் வேறு எதையும் அதில் மாட்டக் கூடாது. முக்கியமாக, வீட்டு இன்வெர்ட்டர் லைனில் இது சேர்ந்துவிடக் கூடாது. கரண்ட் போனதும் கார் இன்வெர்ட்டரை உறிஞ்சத் தொடங்கினால் இன்வெர்ட்டர் உடனே விழும்.

15 ஆம்ப் பிளக்குக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர். 7.2 சுவர் சார்ஜருக்குக் குறைந்தது 6, தூரம் முப்பது மீட்டரைத் தாண்டினால் 10. பாண்டியின் பழைய தெருக்களில் மீட்டர் வாசலில் இருக்கும், கார் பின்பக்கச் சந்தில் நிற்கும். வீடு நீண்டுகொண்டே போகும். அப்படிப்பட்ட வீட்டில் வயர் செலவு சார்ஜர் விலையில் பாதியைத் தொட்டாலும் ஆச்சரியப்படாதீர்கள். ஷோரூம்காரர்கள் ‘இலவச இன்ஸ்டலேஷன்’ என்பது குறிப்பிட்ட மீட்டர் தூரம் வரைதான். அதற்கு மேல் மீட்டருக்கு எவ்வளவு, எர்த் குழி அதில் சேருமா சேராதா என்று எழுதி வாங்குங்கள்.

பிரேக்கர் 32 ஆம்ப் சார்ஜருக்கு 40 ஆம்ப், 15 ஆம்ப் பிளக்குக்கு 20. அதோடு 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. கட்டாயம். இதில் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் சாதாரண ‘ஏ.சி. டைப்’ வேண்டாம். காரின் உள்சார்ஜரிலிருந்து நேர்மின்சாரக் கசிவு வந்தால் அந்த டைப் மயங்கி, ட்ரிப் ஆகாமலே நின்றுவிடக்கூடும். சுவர் சார்ஜருக்குள்ளேயே 6 மில்லிஆம்ப் நேர்மின் கசிவு பாதுகாப்பு இருந்தால் ‘ஏ டைப்’ போதும். இல்லையென்றால் ‘பி டைப்’. விலை பல மடங்கு அதிகம், அதனால் பாதுகாப்பு உள்ளேயே இருக்கிற சார்ஜரை வாங்குவது லாபம். இடி மின்னலுக்கு ஒரு சர்ஜ் பாதுகாப்பானும் போட்டுவிடுங்கள்.

பிளக் பாயின்டை நல்ல கம்பெனியில் புதிதாக வாங்குங்கள். இஸ்திரிப் பெட்டி பத்து நிமிஷம் ஓடும், கார் சார்ஜர் சில நாள் எட்டு மணி நேரம்கூட ஓடும். பழைய பாயின்டில் என்ன நடக்கும் என்று பாருங்கள்: உள்ளே பித்தளைப் பிடி தளர்ந்திருக்கும், செம்பு முனையில் பச்சையாய்க் களிம்பு ஏறியிருக்கும். அந்த இடம் சூடாகும். முதலில் வெள்ளைத் தகட்டில் பின் நுழையும் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம் விழும், அடுத்து மீன் வறுத்த மாதிரி ஒரு நாற்றம் வரும், அதற்குப் பிறகு உருகும். சார்ஜ் போட்டு அரைமணி கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. விரலை வைத்திருக்க முடியவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். சார்ஜரின் கனமான பெட்டி பிளக்கிலிருந்து தொங்கினால் அந்தப் பாரமே பிடியைத் தளர்த்தும். சுவரில் ஒரு கொக்கி அடித்து மாட்டிவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டி எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

படி 6: எந்தச் சுவர், எந்த உயரம்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்ப் பக்கத்தை மூழ்கடித்தது. இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் உயரம் பார்க்க வேண்டும்.

போன வெள்ளத்தில் தண்ணீர் ஏறிய கறை உங்கள் சுவரிலோ பக்கத்து வீட்டுச் சுவரிலோ இன்னும் இருக்கும். சார்ஜர், பிரேக்கர் பெட்டி, வயர் இணைப்பு எல்லாம் அதற்கு இரண்டடி மேலே. அதற்காக எட்டாத உயரத்தில் மாட்டினால் தினமும் அவதி. நெஞ்சு உயரம் போதாத தாழ்வான தெரு என்றால், சுவர் சார்ஜரையே யோசிக்காமல் கழற்றி உள்ளே எடுத்துப் போகக்கூடிய 15 ஆம்ப் சார்ஜரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மெயின் சுவிட்ச் வீட்டுக்குள் இருக்கட்டும். தண்ணீரில் இறங்கி அணைக்கும் நிலை வரக் கூடாது.

கடலைப் பார்த்த சுவரில் மாட்டாதீர்கள். உங்கள் ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்பதே போதுமான அளவுகோல். பெட்டி இரும்புத் தகடாக இல்லாமல் பாலிகார்பனேட்டாக இருந்தால் நல்லது. திருகுகள் 316 வகைத் துருப்பிடிக்கா எஃகு. மேலே ஒரு சின்னச் சாய்ப்பு இருந்தால் வெயிலும் சாரலும் நேராக விழாது. நீர்ப்புகாத் தரம் ஐ.பி. 54 என்பது கூரை உள்ள போர்ட்டிகோவுக்குச் சரி, திறந்த இடத்துக்கு ஐ.பி. 65 கேளுங்கள். வயர் குழாய் பெட்டிக்குள் கீழிருந்து நுழைய வேண்டும். மேலிருந்து நுழைந்தால் மழைத்தண்ணீர் குழாய் வழியே உள்ளே வழியும். வேலை முடிந்த அவசரத்தில் மேலே ஓட்டை போட்டுவிட்டுப் போவது இங்கே சர்வ சாதாரணம், பக்கத்தில் நின்று பாருங்கள்.

கார் தெருவில்தான் நிற்கும் என்றால், நடைபாதைக்குக் குறுக்கே வயர் இழுப்பது தீர்வல்ல. வீட்டுக்குள் நிறுத்த இடம் இல்லாதவர், அலுவலகத்திலோ பொதுச் சார்ஜரிலோ ஏற்ற வழி உறுதியான பிறகு மின்சாரக் கார் வாங்குவதே நல்லது.

படி 7: இப்போது பெட்டி

15 ஆம்ப் போதும் என்று முடிவானால் காரோடு வருவதையே வைத்துக்கொள்ளுங்கள். சுவர் சார்ஜர் என்றால் இவற்றைப் பாருங்கள்: டைப் 2 பிளக் (காரில் செருகும் முனை), ஐ.எஸ். 17017 தரச்சான்று, உள்ளேயே நேர்மின் கசிவுப் பாதுகாப்பு, ஆம்ப் குறைத்து வைக்கும் வசதி. கடைசியது மிக முக்கியம். முதலில் 16 ஆம்ப்பில் வைத்து ஓட்டலாம், தெரு வோல்டேஜ் தாங்குகிறது என்று தெரிந்தபின் ஏற்றலாம். கோடை இரவில் வோல்டேஜ் 180-ஐ நெருங்கினாலே நின்றுவிடும் சார்ஜர்கள் உண்டு. எனவே எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று கேளுங்கள். பதினொரு மணிக்கு மேல் தானாகத் தொடங்கும் டைமர் காரிலேயே இருந்தால் சார்ஜரில் தனியாகத் தேவையில்லை.

மொபைல் ஆப், வைஃபை, வண்ண விளக்கு எல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஆப் இல்லாவிட்டால் ஓடவே ஓடாது என்கிற பெட்டியை வாங்கவே வாங்காதீர்கள், புயலில் முதலில் போவது நெட்தான். பழுது பார்க்க ஆள் கடலூருக்கோ பாண்டிக்கோ வருவாரா, சென்னையிலிருந்து வர வேண்டுமா என்பதை ஆப்பைவிட முதலில் விசாரியுங்கள்.

அடுக்குமாடியிலும் வாடகை வீட்டிலும்

அடுக்குமாடியில் உங்கள் மீட்டரிலிருந்தே உங்கள் பார்க்கிங்குக்கு லைன் இழுப்பதுதான் சண்டையில்லாத வழி. பொது மீட்டரில் எடுத்தால் சப்-மீட்டர் வைத்து மாதாமாதம் கணக்குக் கொடுங்கள். சங்கத்தில் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். ஒருவருக்கு லைன் போட்டால் நாளை நான்கு பேர் கேட்பார்கள், அதற்கும் சேர்த்துக் குழாய் விட்டுவைக்கச் சொன்னால் சங்கத்துக்கும் பிடிக்கும். வாடகை வீட்டுக்காரர் ஒரு தனி லைனும் நல்ல எர்த்தும் போட வீட்டு உரிமையாளரிடம் பேசட்டும். சார்ஜரைக் கழற்றிக்கொண்டு போகலாம், எர்த் அவருக்குத்தான் மிச்சம் என்று சொன்னால் பாதிச் செலவுக்கு இறங்கி வருவார்.

மாட்டிய பிறகு

முதல் தடவை ராத்திரியில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். பகலில் இரண்டு மணி நேரம் முழு ஆம்ப்பில் ஓடவிட்டு, மீட்டர் பலகை, பிரேக்கர், பிளக் மூன்றையும் தொட்டுப் பாருங்கள். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்தி விழுகிறதா என்று பாருங்கள், அதை மாதம் ஒரு தடவை செய்யுங்கள்.

ஐப்பசி பிறக்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முனைகளை இறுக்கி, களிம்பைத் துடைத்து, எர்த்தை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் காரை முழுக்க ஏற்றி மேட்டில் நிறுத்திவிட்டு, சார்ஜர் பிரேக்கரை இறக்கிவிடுங்கள். தானே அடித்தபோது கடலூர் கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. நெக்ஸான், கிரெட்டா, பி.ஒய்.டி. அட்டோ 3 போன்றவற்றில் காரிலிருந்தே வெளியே மின்சாரம் எடுக்கும் வசதி உள்ள மாடல்கள் இருக்கின்றன. நிறைந்த பேட்டரி மின்விசிறிக்கும் விளக்குக்கும் போனுக்கும் பல நாள் தாங்கும். அதற்கான அடாப்டரை வண்டி எடுக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். சார்ஜர் தண்ணீரில் மூழ்கியிருந்தால், காய்ந்துவிட்டதே என்று போடாதீர்கள். உப்புத் தண்ணீர் காய்ந்தாலும் உப்பு உள்ளேயே இருக்கும். ஆள் வந்து திறந்து பார்த்த பிறகுதான் பிரேக்கரை ஏற்ற வேண்டும்.